புளிச்சக்கீரையைக் கண்டு பயப்படலாமா?

சென்ற பருவ விடுமுறையில் குளுவாங்கிலுள்ள எங்கள் வீட்டிற்குப் பல்கலைக்கழகச் சோதனைப் பாத்தியிலிருந்து மூன்று நாற்றுகளைக் கொண்டு போனேன். பையைத் திறந்ததும் அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. ஐந்து விரல் விரித்தாற்போன்ற இலை. ஓரமெல்லாம் ரம்பப் பற்கள். "ஐயா, யாரு குடுத்தா இத? உள்ளே கொண்டு போ முதல்ல!" என்று கதவைச் சாத்தினார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் தாமானில் இரண்டு வீடு தள்ளி இருந்த அண்ணன் ஒருவர் கஞ்சா வழக்கில் சிறைக்குப் போனவர். அவருடைய அம்மா இன்றுவரை கோயில் திருவிழாவிற்குக் கூட வருவதில்லை.

சத்தம் கேட்டு வந்த பாட்டிதான் ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டு மென்றார். "ஏம்மா, இதுக்கா இந்தக் கூச்சல்? புளிச்சக்கீரை!"

பாட்டி சொன்னதுதான் சரி. நான் கொண்டு போனது கெனாப். தாவரவியலில் அதன் பெயர் ஹைபிஸ்கஸ் கன்னாபினஸ். செம்பருத்திக்கும் வெண்டைக்கும் உறவு. இலை கஞ்சா இலையைப் போல இருப்பதால்தான் பெயரிலேயே 'கன்னாபினஸ்' ஒட்டிக்கொண்டது. ஆகவே அம்மா பயந்ததில் தவறில்லை. பெயர் வைத்தவருக்கே அந்த இலை கஞ்சாவைத்தான் நினைவூட்டியிருக்கிறது!

இப்போது எங்கள் பொறியியல் புலத்தில் நண்பர்கள் கூடினால் ஹெம்ப் என்னும் தொழிற்சாலைச் சணலைப் பற்றித்தான் பேச்சு. கஞ்சாவும் அதுவும் ஒரே இனம். ஆனால் போதை தரும் டி.எச்.சி. ஹெம்ப்பில் மிகக் குறைவு. அமெரிக்கா 2018-இல் 0.3 விழுக்காட்டிற்கு மேற்படாத செடியைப் பயிரிட அனுமதித்தது. அதே ஆண்டில் இந்தியாவின் உத்தரகாண்ட் மாநிலமும் உரிமம் வழங்கத் தொடங்கியது. கயிறு, துணி, காகிதம், விதையிலிருந்து எண்ணெய், தண்டின் உட்கட்டையைச் சுண்ணாம்போடு குழைத்துக் கட்டும் சுவர் என்று அதன் பயன்கள் நீளும். நண்பர்கள் சொல்வது பொய்யில்லை. ஆனால் நம் நாட்டில் 1952-ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டம் இருக்கிறது. 200 கிராம் கஞ்சா கையில் இருந்தாலே கடத்தல்காரன் என்று சட்டம் அனுமானித்துக்கொள்ளும். கட்டாய மரண தண்டனை 2023-இல் நீக்கப்பட்டதே தவிர, மரண தண்டனை நீங்கிவிடவில்லை. இந்நிலையில் ஹெம்ப் வேண்டும் என்று குரல் எழுப்புவதில் நம் நேரத்தைச் செலவழிக்க வேண்டுமா? வேண்டாம் என்பதே என் கருத்து. ஹெம்ப் தரும் நாருக்கு ஈடான நாரை நம் பாட்டிமார்கள் கீரையாகக் கடைந்த செடியே தருகிறது.

கெனாப் தண்டை முறித்துப் பார்த்தால் இரண்டு பொருள்கள் தெரியும். வெளியே நீண்ட, உறுதியான பட்டை நார். உள்ளே பஞ்சு போல் இலேசான கட்டை. எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நார். அது கயிறு, சாக்கு, காகிதம், பலகை ஆகியவற்றுக்கு உதவும். உட்கட்டை நீரையும் எண்ணெயையும் உறிஞ்சும். கால்நடைகளுக்குப் படுக்கையாக விரிக்கலாம். இலை தீவனம். விதை போட்ட நான்கைந்து மாதங்களில் இரண்டு ஆள் உயரம் வளர்ந்துவிடும். 2013-இல் வெளிவந்த பி.எம்.டபிள்யூ. ஐ3 காரின் கதவுப் பலகையில் கெனாப் நார் இருக்கிறது என்றபோது பாட்டி நம்பவே இல்லை. ஆந்திரத்துப் பீமுனிப்பட்டினத்திலிருந்து இதே நார் 'பிம்லி சணல்' என்ற பெயரில் ஒரு காலத்தில் கப்பலேறியதாம். பாட்டியின் தாயார் நாமக்கல் பக்கத்திலிருந்து வந்தவர். அங்கே வயலோரத்தில் புளிச்சை விதைத்து, கீரை பறித்தது போக, முற்றிய தண்டை ஊறப்போட்டு நார் உரித்து மாட்டுக்குக் கயிறு திரிப்பார்களாம். ஓராண்டாக ஆய்வுக்கூடத்தில் நான் செய்வதும் ஏறத்தாழ அதுதான். என்ன, என்னிடம் இயந்திரம் இருக்கிறது!

அப்படியானால் நாடு முழுக்க ஏன் கெனாப் இல்லை? முயற்சி நடக்காமல் இல்லை. ஆசியான் தடையற்ற வாணிகத்தால் உள்நாட்டுப் புகையிலை விவசாயிகளுக்கு வந்த நெருக்கடியில், மாற்றுப் பயிராகக் கெனாப்பை அரசாங்கம் முன்வைத்தது. 2010-இல் புகையிலை வாரியம் தேசிய கெனாப், புகையிலை வாரியமாக மாறியது. கிளந்தான், திரெங்கானு விவசாயிகள் பயிரிட்டார்கள். ஆனால் பயன்களை அடுக்கிச் சொன்னால் வாங்குபவர் வந்துவிடுவாரா? வெட்டிய தண்டு இடத்தை அடைக்கும், எடை இராது. ஆலை தொலைவில் இருந்தால் இலாபத்தை லாரி வாடகையே தின்றுவிடும். ஜொகூரில் இன்னொரு தடையும் உண்டு. செம்பனை ஏறத்தாழ 25 ஆண்டுகள், மாதம் இருமுறை குலை தரும். அதை வெட்டிவிட்டுக் கெனாப் நடச் சொன்னால் எந்தச் சிறுதோட்டக்காரர் கேட்பார்? நானே கேட்க மாட்டேன்.

ஆனால் மறுநடவு செய்த செம்பனை காய்ப்புக்கு வர ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆகும். அதுவரை வரிசைகளுக்கிடையே வெயில் விழும் நிலம் சும்மா கிடக்கிறது. வீட்டிலும் வருமானம் இல்லை. நான்கைந்து மாதப் பயிருக்கு இதைவிட நல்ல இடம் எது? இன்னொன்று, பொந்தியானின் கரிநிலத்தில் விளையும் அன்னாசி. நாட்டிலேயே ஜொகூர்தான் அன்னாசியில் முதலிடம். அறுவடைக்குப் பின் எஞ்சும் இலையிலும் மெல்லிய, வலுவான நார் இருக்கிறது. கெனாப்பும் அன்னாசி இலையும் ஒரே வட்டாரச் சிற்றாலைக்குப் போனால் ஆலைக்கு ஆண்டு முழுவதும் வேலை இருக்கும். கணக்கு எப்படி வரும் என்பதைத்தான் இறுதியாண்டு ஆய்வில் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

இதைக் கழகக் கூட்டத்தில் பேச வேண்டும் என்று கேட்டபோது, "கஞ்சாவைப் பற்றியா?" என்று மூத்த மாணவர் ஒருவர் கேட்டார்; எல்லாரும் சிரித்தார்கள். நம் இளைஞர்களைப் பற்றி மற்றவர்கள் சொல்லும் அதே கேலியை நாமே சொல்லிச் சிரிக்கிறோமே என்று அன்று எனக்கு வருத்தமாக இருந்தது. என் பங்கிற்கும் ஒரு குற்றம் உண்டு. சணல், நார், சணப்பை என்று தமிழ்ப்பள்ளியில் கற்ற சொற்களை இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் மறந்து, மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இந்தச் செடியைப் படித்தேன். முன்பே வீட்டில் தமிழில் சொல்லியிருந்தால் அம்மா அன்று கதவைச் சாத்தியிருக்க மாட்டார்.

நாற்றுகள் இப்போது வீட்டின் பின்புறம், துணி காயப்போடும் கொடிக்கு அப்பால் நிற்கின்றன. அண்டை வீட்டார் கண்ணில் படக்கூடாது என்பது அம்மாவின் கட்டளை. பாட்டி இருமுறை கீரை பறித்துத் துவையல் அரைத்துவிட்டார். பூக்கும்வரை பொறுத்திருக்கும்படி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். வெண்டைப் பூவைப் போல வெளிர்மஞ்சளில், நடுவே கருஞ்சிவப்புப் பொட்டு வைத்துப் பூக்கும். அதன்பிறகு செடியை வாசலுக்கே கொண்டு வரலாம்.