செல்போன் விலைக்குள் ஒளிந்திருக்கும் ராயல்டி

பெங்களூரு பீன்யாவில் லேத் பட்டறையில் நிற்கும் தொழிலாளியும், அலுவலகக் குமாஸ்தாவும் செல்போன் வாங்கும்போது விலையையும் வரியையும் பார்க்கிறார்கள். பில்லில் வராத இன்னொரு தொகையும் அந்த விலைக்குள் அடங்கியிருக்கிறது. அதன் பெயர் ராயல்டி.

ஸ்ரீபெரும்புதூரில் செய்த போனும் சீனாவில் செய்த போனும் ஒன்றோடொன்று பேச வேண்டுமானால், இரண்டும் ஒரே முறையில் இயங்க வேண்டும். பல நாட்டுக் கம்பெனிகளின் இன்ஜினியர்கள் கூடி அந்தப் பொது முறையை வகுக்கிறார்கள். 2ஜி, 3ஜி, 4ஜி எல்லாம் அப்படி வந்த தரங்களே. அந்தத் தரத்துக்குள் தங்கள் கண்டுபிடிப்பு இடம்பெற்ற கம்பெனிகள் அதற்குக் காப்புரிமை வைத்திருக்கின்றன. அதைத் தொடாமல் யாரும் போன் செய்துவிட முடியாது. ஊருக்கு ஒரே பாதை, அந்தப் பாதையிலும் ஒரு சுங்கச்சாவடி என்ற நிலைதான். ஆகவே நியாயமான, பாரபட்சமற்ற நிபந்தனையில் எல்லோருக்கும் உரிமம் தருவதாக அவை முன்கூட்டியே வாக்குக் கொடுக்கின்றன. நியாயம் என்றால் எத்தனை ரூபாய் என்பதை மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை!

இந்தியாவில் இந்தச் சண்டை 2013-ல் வெடித்தது. ஸ்வீடன் நாட்டு எரிக்சன் கம்பெனி, மைக்ரோமேக்ஸ் மீது டில்லி ஐகோர்ட்டில் வழக்குத் தொடர்ந்தது. மைக்ரோமேக்ஸ் போட்டி ஆணையத்திடம் புகார் கொடுத்தது. அதே ஆண்டு நவம்பரில் விசாரணைக்கு உத்தரவிட்ட ஆணையம், சாமானியனுக்கும் புரியும் கணக்கு ஒன்றைச் சொன்னது. 100 ரூபாய் போனில் உள்ள சிப்புக்கு ராயல்டி ஒன்றேகால் ரூபாய். அதே சிப்பை 1,000 ரூபாய் போனில் வைத்தால் பன்னிரண்டரை ரூபாய். சிப் மாறவில்லை. கேமராவும் திரையும் உயர்ந்ததற்காக, அவற்றில் பங்கில்லாதவருக்குக் கூடுதல் பணம் போவது ஏன்? இந்தக் கேள்விக்கு இன்றுவரை திருப்தியான பதில் வரவில்லை. ஒரு கம்பெனி கட்டும் விகிதம் இன்னொரு கம்பெனிக்குத் தெரியாதபடி ரகசிய ஒப்பந்தம் போடச் சொல்வதையும் ஆணையம் குறித்துக்காட்டியது. ரகசியமாக வைத்தால் பாரபட்சம் இல்லை என்பதை எப்படி அறிவது?

ஆனால் அந்த விசாரணை முடிவு காணவில்லை. காப்புரிமையாளர் தம் உரிமையைப் பயன்படுத்தும் விதம் காப்புரிமைச் சட்டத்துக்கு உட்பட்டது, போட்டி ஆணையம் அதில் நுழைய இடமில்லை என்று 2023 ஜூலையில் டில்லி ஐகோர்ட் பெஞ்ச் கூறியது. 2025-ல் சுப்ரீம் கோர்ட்டும் தலையிட மறுத்துவிட்டது. இதற்கிடையே 2024 மார்ச்சில் இன்னொரு வழக்கில், லாவா கம்பெனி எரிக்சனுக்கு 244 கோடி ரூபாய் நஷ்டஈடு தர வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. விகிதம், போனின் நிகர விற்பனை விலையில் 1.05 சதவீதம். 8,000 ரூபாய் போனுக்கு 84 ரூபாய். இது ஒரே ஒரு கம்பெனியின் பங்கு. குவால்காம், நோக்கியா என்று வரிசை நீளுகிறது.

ஆராய்ச்சிக்குப் பணம் கொட்டியவன் கூலி கேட்பது குற்றமல்ல. காசு கொடுக்காமல் ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கும் கம்பெனிகளும் உண்டு. கோர்ட் அதைக் கண்டித்ததில் தவறில்லை. ஆனால் சண்டை போடும் இரு கம்பெனிகளுக்கும் வக்கீல் இருக்கிறார். ஊருக்குப் பணம் அனுப்பவும், ரேஷன் கார்டு ஓ.டி.பி. வாங்கவும் போனையே நம்பியிருப்பவருக்காக வாதாட யாருமில்லை.

மத்திய அரசின் தொழில் கொள்கைத் துறை 2016 மார்ச்சில் இதுபற்றி ஒரு விவாத அறிக்கை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. கட்டுப்படுத்தும் விதி எதுவும் வராமலே அதற்குப்பின் ஆண்டுகள் பல ஓடிவிட்டன. ராயல்டியைப் போனின் விலையில் கணக்கிடுவதா, சிப்பின் விலையில் கணக்கிடுவதா? மொத்த ராயல்டிக்கு உச்சவரம்பு உண்டா? வாங்கும் விகிதத்தைப் பகிரங்கமாக்க வேண்டுமா? இவை பார்லிமெண்ட் தீர்க்க வேண்டிய கேள்விகள். வழக்குக்கு வழக்கு நீதிபதிகளின் தலையில் சுமத்துவது முறையல்ல.

இன்னொரு வழியும் இருக்கிறது. அது தரம் எழுதும் மேஜையிலேயே இடம் பிடிப்பது. சென்னை ஐ.ஐ.டி.யும் ஐதராபாத் ஐ.ஐ.டி.யும் சேர்ந்து, இந்தியக் கிராமங்களில் ஒரு கோபுரத்திலிருந்து அலை அதிகத் தூரம் எட்டும்படி 5ஜி முறையை மாற்றியமைத்தன. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் அதற்கு அங்கீகாரம் அளித்தது. பின்னர் அது உலகப் பொதுத் தரத்துடன் இணைக்கப்பட்டது. 6ஜி தரத்தை வகுக்கும் வேலை தொடங்கியிருக்கும் இந்த வேளையில், அந்தக் கூட்டங்களுக்கு இந்திய இன்ஜினியர்களை ஆண்டுதோறும் தவறாமல் அனுப்பும் செலவை அரசு பட்ஜெட்டிலேயே ஒதுக்க வேண்டும்.