பளபளப்பும் பத்திரமும்

ஆயுத பூஜை வந்துவிட்டால் அம்மியும் அரிவாள்மணையும்கூடக் குளித்துப் பொட்டு வைத்துக்கொள்கின்றன. வாசலில் நிற்கும் கார் மட்டும் சும்மா இருக்குமா?

சென்ற வருஷம் நெட்டப்பாக்கத்தில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தை மகன் ஒரு புட்டி பாலிஷ் வாங்கி வந்து, டயர் முதல் டாஷ்போர்டு வரை வழிய வழியத் தேய்த்திருந்தான். பிரேக் மிதியைக்கூட விட்டு வைக்கவில்லை!

"வண்டி கல்யாணப் பெண் மாதிரி இருக்கு, பார்த்தியா?" என்று அத்தைக்குப் பூரிப்பு. எலுமிச்சம்பழத்தின் மேல் வண்டியை ஏற்றும் பொறுப்பு எனக்கு. ஏற்றினேன், பிரேக்கில் வைத்த கால் வழுக்கிற்று. துளசி மாடத்துக்கு ஒரு சாண் இருக்கும்போது வண்டி நின்றது. மாடத்துக்கு அந்தப் பக்கம் அத்தையின் பேத்தி கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு உடம்பெல்லாம் நடுங்கிவிட்டது.

சகோதரிகளே, அன்று கற்ற பாடத்தைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன். மிதிகள், ஸ்டியரிங், டயரில் தரையைத் தொடும் 'பட்டன்' பகுதி, பிரேக் தட்டு - இந்த நான்கிலும் பாலிஷ் ஒரு சொட்டும் படக்கூடாது. டயரின் பக்கவாட்டுக்கு மட்டும் பூசலாம். அதையும் சோப்பு நீரில் கழுவி, உலரவிட்டு, நிழலில் வைத்து, துணியில் கொஞ்சமாகத் தொட்டுப் பூசி, மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். மண்ணெண்ணெய், கிரீஸ் வேண்டவே வேண்டாம். அவை ரப்பரை ஊதிப் போகச் செய்யும். தண்ணீர் கலந்து தயாரித்த வகையே நல்லது. டாஷ்போர்டுக்கும் மினுமினுப்பு ஆகாது. வெயிலில் அது கண்ணாடியில் பிரதிபலித்துப் பாதையை மறைக்கும்.

நெட்டப்பாக்கம் கொம்யூனைச் சேர்ந்த ஏரிப்பாக்கத்தில்தான் எம்.ஆர்.எஃப். டயர் தொழிற்சாலை இருக்கிறது. அந்தக் கம்பெனி 1946-ல் திருவொற்றியூரில் குழந்தைகளின் பலூன் செய்து தொடங்கியது என்றால் வேடிக்கையாக இல்லையா? வெயிலில் கிடந்த பலூன் எப்படி நைந்துபோகிறது! வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் டயர் ரப்பரையும் அப்படித்தான் மெல்ல வெடிக்கச் செய்கின்றன. அதைத் தடுக்க ரப்பரிலேயே ஒருவித மெழுகு கலந்திருக்கிறார்கள். சக்கரம் உருண்டு நெளியும்போது அது மேலே வந்து காக்கும். ஓடாமலே நிற்கும் வண்டிக்கு அந்தக் காப்புக் குறைவு. அத்தை வீட்டு வண்டி மாதத்தில் இரண்டு நாள் ஓடினால் அதிகம்!

அன்று சோப்புப் போட்டுக் கழுவியதும், பாலிஷுக்கு அடியில் மெல்லிய வெடிப்புகள் தெரிந்தன. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களைப் படித்தேன். 2319 என்றிருந்தால், 2019-ன் 23-வது வாரத்தில் பிறந்த டயர் என்று பொருள். அத்தை வண்டியின் டயருக்குப் பதினோரு வயது! பட்டன் தேயவில்லையே என்று யாரும் கவனிக்கவில்லை. ஐந்து வயது கடந்தால் வருஷத்துக்கு ஒரு தரம் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்; பத்து வயதானால் தேயாவிட்டாலும் மாற்றிவிடுங்கள்.

மறு வாரமே அத்தை நான்கு டயரையும் மாற்றிவிட்டாள். பாலிஷ் புட்டி இப்போது பரணில் இருக்கிறது. இந்த ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கும் முன், உங்கள் வீட்டு டயரிலும் அந்த நான்கு இலக்கங்களைப் படித்துவிடுங்கள்.