விக்கெட் விழும்போது கைதட்டியவர்கள் நாங்கள்

முதலில் ஒப்புக்கொண்டு விடுகிறோம். 2025 மார்ச் 23 இரவு, பிலிமத்தலாவையில் நாங்கள் ஐந்து பேர் தங்கியிருக்கும் போர்டிங்கில், ஜடேஜா ரன் அவுட் ஆனபோது கத்தினோம். கவலையில் இல்லை, சந்தோஷத்தில். சேப்பாக்கத்தில் மும்பைக்கு எதிரான முதல் ஆட்டம். வெற்றிக்கு நான்கு ஓட்டம்தான் பாக்கி. ஜடேஜா போனால் அடுத்து இறங்குவது தோனி. சத்தம் கேட்டு வீட்டுக்கார ஆன்ட்டி கதவைத் தட்டி, "என்ன புள்ளைங்களா, தோத்துட்டீங்களா?" என்று கேட்டார். இல்லை ஆன்ட்டி, ஜெயிக்கப் போறோம், எங்க ஆள் அவுட் ஆனதுக்குத்தான் கத்தினோம் என்று எப்படி விளக்குவது?

அன்று தோனி இரண்டு பந்து சந்தித்தார். ஓட்டம் எடுக்கவில்லை. 45 பந்து நின்று 65 ஓட்டம் எடுத்து, கடைசி ஓவரில் சிக்ஸர் அடித்து ஆட்டத்தை முடித்தவர் ரச்சின் ரவீந்திரா. மும்பையின் நான்கு விக்கெட்டைச் சாய்த்தவர் நூர் அகமது. ஆனால் அடுத்த நாள் காலை கம்பஸுக்குப் போகும் பஸ்ஸில் நாங்கள் ஆளாளுக்குப் போனில் திருப்பித் திருப்பிப் பார்த்த வீடியோ எது? தோனி படியிறங்கி மைதானத்துக்குள் நடந்து வரும் வீடியோ. நடந்து வருவது மட்டும்தான் அதில் இருந்தது.

அதன்பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். மார்ச் 28, சேப்பாக்கத்தில் பெங்களூர் எங்களை 50 ஓட்டங்களால் அடித்தது. 2008க்குப் பிறகு அவர்கள் அங்கே ஜெயித்ததே இல்லை. ஏப்ரல் 5, டெல்லி. 2010க்குப் பிறகு முதல் தடவை. ஏப்ரல் 11, கொல்கத்தாவிடம் 20 ஓவரில் 103க்கு 9. அவர்கள் அதை 10.1 ஓவரில் முடித்துவிட்டு சாப்பிடப் போனார்கள். ஏப்ரல் 25, சேப்பாக்கத்தில் ஒருமுறைகூட ஜெயித்திராத ஹைதராபாத்தும் ஜெயித்தது. ஏப்ரல் 30, பஞ்சாப். அத்தோடு கதை முடிந்தது. 14 ஆட்டத்தில் 4 வெற்றி, 10 தோல்வி, பத்து அணிகளில் பத்தாவது இடம். ஐந்து கோப்பை எடுத்த சென்னை சூப்பர் கிங்ஸ் அட்டவணையின் அடியில் போய் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ருதுராஜுக்கு முழங்கையில் முறிவு. ஏலத்தில் வயசான ஆட்களை வாங்கினது. பவர்பிளேயில் டெஸ்ட் மேட்ச் மாதிரி ஆடினது. பிட்ச் சொன்னபடி கேட்கலை. எல்லாம் உண்மைதான். ஆனால் இந்தப் பட்டியலில் ரசிகர்களாகிய நாங்கள் எங்கேயும் இல்லை. ஒரு அணி தோற்கும்போது அதன் ரசிகன் மட்டும் எப்போதும் நிரபராதி. இந்த வசதி எங்களுக்கு வேண்டாம்.

எங்கள் குற்றச்சாட்டு இதுதான்: நாங்கள் ஒரு அணியை நேசிப்பதாகச் சொல்லிக்கொண்டு ஒரு மனிதரின் பிரியாவிடை ஊர்வலத்தில் நடந்துகொண்டிருந்தோம். மற்ற பத்துப் பேரும் மேளக்காரர்கள். மேளம் பிசகினால் அடி அவர்களுக்கு.

மிகைப்படுத்துகிறோம் என்றால் பெங்களூர் ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். 197 துரத்த வேண்டும். ஏழு விக்கெட் போய் 100கூட வரவில்லை. அஸ்வினுக்கும் பிறகு, ஒன்பதாவது ஆளாகத் தோனி இறங்குகிறார். 16 பந்தில் 30 அடிக்கிறார், அவுட் ஆகவில்லை. ஆட்டம் எப்போதோ செத்துவிட்டது, ஆனால் கடைசி ஓவரில் சிக்ஸர் பறக்கும்போது மைதானம் கோப்பை எடுத்த மாதிரி ஆடுகிறது. போர்டிங்கில் நாங்களும் ஆடினோம். 50 ஓட்டத் தோல்வி என்று யாராவது வாயைத் திறந்தார்களா? இரண்டு நாள் கழித்து பயிற்சியாளர் பிளெமிங்கே வெளிப்படையாகச் சொன்னார், அவருடைய முழங்கால் பழையபடி இல்லை, பத்து ஓவர் முழு வேகத்தில் ஓடி ஆட முடியாது என்று. பயிற்சியாளருக்குத் தெரியும், அவருக்கே தெரியும். எங்களுக்குத்தான் தெரிய வேண்டியதில்லை.

இதில் இன்னொரு கூத்து. சர்வதேச ஆட்டங்களை விட்டு ஐந்து வருஷத்துக்கு மேல் ஆனவர்களை, நாட்டுக்காக ஆடாத வீரர்களோடு சேர்த்துக் கணக்கெடுக்கும் பழைய விதி மீண்டும் கொண்டுவரப்பட்டது. 2011இல் உலகக் கிண்ணத்தைத் தூக்கிய கேப்டன் 'இந்தியாவுக்கு ஆடாதவர்' என்ற பட்டியலில் 4 கோடிக்குத் தக்கவைக்கப்பட்டார். இதை வேறு எந்த அணி செய்திருந்தாலும் மீம் போட்டே கொன்றிருப்போம்.

தோனி மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. லக்னோவில் ஏப்ரல் 14, 43 வயதில் 11 பந்தில் 26 அடித்து ஆட்டநாயகன் ஆனாரே, அன்று யாருடைய கண் நனையவில்லை? ஆடுகிறவர் ஆடட்டும், அது அவருக்கும் நிர்வாகத்துக்கும் உள்ள விஷயம். எங்கள் சண்டை அவரைச் சுற்றி நாங்கள் கட்டிய கோயிலோடு. அந்தக் கோயிலில் வேறு யாரும் கேப்டனாக முடியவில்லை. 2022இல் ஜடேஜாவிடம் கொடுத்து, பாதி சீசனில் திரும்ப வாங்கினார்கள். 2024இல் ருதுராஜ். 2025இல் அவர் காயப்பட்டதும் மறுபடி தோனி. 'தல திரும்பி வந்துட்டார்' என்று நாங்கள் ஸ்டேட்டஸ் போட்டது ஒரு இளைஞனின் கை முறிந்த நாளில். ருதுராஜுக்குக் கை எப்படி இருக்கு என்று கேட்டவர்கள் எங்கள் குழுவில் இரண்டே பேர்.

இந்த வீழ்ச்சி திடீரென்று வந்ததும் இல்லை. 2020இல் ஏழாவது. 2022இல் ஒன்பதாவது. 2024இல் ஐந்தாவது. நடுவில் 2021, 2023 கோப்பைகள் வந்து எங்கள் கண்ணைக் கட்டிவிட்டன. கோப்பை வந்த வருஷம் 'அவரால்தான்', வராத வருஷம் 'மற்றவர்களால்தான்'. இந்தக் கணக்கில் ஒருபக்கம் எப்போதும் லாபம்.

அந்த 'மற்றவர்களில்' ஒருவனைப் பற்றித்தான் இதை எழுதவே உட்கார்ந்தோம்.

மதீஷ பத்திரன. 2002 டிசம்பரில் பிறந்தவன், எங்கள் வயசு. கண்டிக்காரன். முதலில் கன்னொறுவை ரணபிம ரோயல் கல்லூரி, பிறகு கண்டி திரித்துவக் கல்லூரி. கன்னொறுவை எங்கள் கம்பஸுக்கு ஆற்றுக்கு அக்கரை. நாங்கள் ஏஎல்லுக்குப் படித்துக்கொண்டிருந்த காலத்தில் இதே மழையில் நனைந்து, இதே பாதையில் பஸ்ஸுக்கு நின்றிருக்கக்கூடிய ஒரு பொடியன் சென்னை மஞ்சளைப் போட்டுக்கொண்டு, மலிங்க மாதிரிக் கையைப் பக்கவாட்டில் சுழற்றி யோர்க்கர் போட்டான். 2023இல் 12 ஆட்டத்தில் 19 விக்கெட். 2024இல் ஆறே ஆட்டத்தில் 13. 'ஏன்டா இந்தியாக்கார டீமுக்குக் கத்துறீங்க, கண்டி டீம் இல்லையா' என்று கேட்கிற கம்பஸ் நண்பர்களுக்கு நாங்கள் காட்டிய விடை அவன்தான். (கண்டி டீம் எது மச்சான்? டஸ்கர்ஸ், வோரியர்ஸ், பெல்கன்ஸ், பி-லவ், திரும்பவும் பெல்கன்ஸ். 2023இல் கிண்ணம்கூட எடுத்தது. முதலாளி மாறினால் பெயரும் மாறுகிற அணியில் எந்தப் பெயரை நெஞ்சில் எழுதுவது?)

2024 ஏப்ரல் 14, வாங்கடே. தோனி கடைசி நாலு பந்தில் மூன்று சிக்ஸரோடு 20 எடுத்தார். சென்னை ஜெயித்ததும் 20 ஓட்டத்தால். இந்தப் பொருத்தத்தைச் சொல்லிச் சொல்லியே எங்களுக்கு வாய் வலித்தது. ஆனால் அன்று ரோகித் சதம் அடித்து ஆட்டமிழக்காமல் நின்றபோது, மறுமுனையைப் பிடுங்கி 28 ஓட்டத்துக்கு நான்கு விக்கெட் எடுத்தது பத்திரன. ஆட்டநாயகன் விருதும் அவனுக்குத்தான். இதை வாசிக்கிற உங்களில் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? எங்களுக்கே இருக்கவில்லை. கண்டிக்காரர்களான எங்களுக்கே.

2025இல் அவனுக்கு ஓடவில்லை. 12 ஆட்டத்தில் 13 விக்கெட், ஆனால் ஓவருக்குப் பத்துக்கு மேல் கொடுத்தான். வைட் மேல் வைட். அப்போது நாங்கள் இருக்கிற ஒரு ரசிகர் வட்ஸ்அப் குழுவில் அவன் பெயர் மாறியது. ஜெயித்தபோது 'குட்டி மலிங்க', 'நம்ம பையன்', 'தலயோட பிள்ளை'. தோற்றபோது 'சிங்களவன்'. "சிங்களவனை எடுத்தா இப்படித்தான்" என்று ஒருவர் எழுத, நாற்பது பேர் சிரித்த முகம் போட்டார்கள். நாங்கள் என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். பேசாமல் இருந்தோம். ஐந்து பேரும். கம்பஸில் யாராவது எங்களைப் பார்த்து இனத்தைச் சொல்லிச் சிரித்தால் கொதிக்கிற நாங்கள், அன்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு சோறு சாப்பிட்டோம்.

இதற்கு ஒரு வரலாறு உண்டு என்பது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. 2013 மார்ச்சில் தமிழ்நாட்டு மாணவர்கள் ஈழத்துக்காகத் தெருவில் நின்ற நேரம், முதல்வர் ஜெயலலிதா பிரதமருக்குக் கடிதம் எழுதினார். இலங்கை வீரர்கள் சென்னையில் ஆடமாட்டார்கள் என்று ஐபிஎல் நிர்வாகம் முடிவெடுத்தது. அந்த முடிவு அப்போது பெங்களூர் அணியில் இருந்த முத்தையா முரளிதரனுக்கும் சேர்த்துத்தான். 2008 முதல் 2010 வரை அதே சேப்பாக்கத்தில் மஞ்சள் போட்டு ஆடிய, கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் படித்த, எங்கள் ஊர்த் தமிழர். (முரளியின் அரசியல் பேச்சுகளோடு எங்களுக்குப் பெரிய சண்டை உண்டு. அது வேறு கட்டுரை.) 2022இல் மகீஷ் தீக்ஷனவை எடுத்தபோது சென்னை அணியைப் புறக்கணிக்கச் சொல்லி ஹேஷ்டேக் ஓடியது.

அந்தக் கோபத்தின் அடியில் இருக்கும் காயத்தை நாங்கள் மறுக்கவில்லை. அது எங்கள் ஆட்களின் காயமும்தான். ஆனால் யுத்தம் முடிந்த 2009இல் பத்திரனவுக்கு ஆறு வயசு. ஒரு அரசின் கணக்கை ஒரு பொடியனின் நோபோலில் எழுதுவது நியாயம் என்றால், 2023இல் ஏன் எழுதவில்லை? கோப்பை தந்த கையில் இனம் தெரியவில்லை, வைட் போட்ட கையில் மட்டும் தெரிகிறது என்றால், அது இன உணர்வும் இல்லை, கிரிக்கெட் அறிவும் இல்லை. கடவுளைக் குறை சொல்ல முடியாததால் பூசாரியின் உதவியாளை அடிப்பது.

தோட்டத்து லயங்களில் இருந்து வந்த எங்களில் மூன்று பேருக்கு இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் புரிகிறது. தலைவர் வருவார், பேசுவார், கடைசி நேரத்தில் எதையாவது செய்து காட்டுவார் என்று காத்திருந்து வளர்ந்தவர்கள் நாங்கள். 1,000 ரூபாய் நாட்சம்பளம் வர்த்தமானியில் வந்தது 2021 மார்ச்சில். அதற்கு முந்தைய வருஷங்களில் எத்தனை கூட்டத்தில் எங்கள் அம்மாக்கள் மாலை போட்டார்கள், எத்தனை தடவை 'அடுத்த முறை' என்று கேட்டார்கள்! வராதபோது திட்டு வாங்கியது மேடையில் இருந்தவர் இல்லை, தோட்டத்துக் கமிட்டித் தலைவர். கிரிக்கெட்டையும் அரசியலையும் குழப்பாதே என்பார்கள். நாங்கள் குழப்பவில்லை. ரெண்டு இடத்திலும் தட்டியது ஒரே கைதான்.

அந்த சீசனில் கொஞ்சமாவது வெளிச்சம் வந்தது எப்போது என்று பாருங்கள். எல்லாம் கைவிட்டுப் போன பிறகு. ருதுராஜ் இடத்துக்கு 17 வயசு ஆயுஷ் மாத்ரே வந்தான். மே 3, பெங்களூரில் 48 பந்தில் 94 அடித்தான். பிரேவிஸ் வந்தார், உர்வில் படேல் வந்தார். பெங்களூரில் இரண்டே ஓட்டத்தால் தோற்றோம். அன்று பத்திரனவுக்கு மூன்று விக்கெட். கடைசி ஆட்டத்தில், அட்டவணையின் உச்சியில் இருந்த குஜராத்தை அகமதாபாத்திலேயே 83 ஓட்டத்தால் அடித்தோம். அந்த இரண்டு வாரம்தான் நாங்கள் ஒரு அணியைப் பார்த்தோம். இழக்க ஒன்றும் இல்லாதபோது பொடியன்களை ஆட விட்டார்கள், ஆடினார்கள். மார்ச்சில் ஏன் விடவில்லை என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மைதானத்தின் காதில் விழுந்திருக்காது, அங்கே வேறு சத்தம்.

நவம்பரில் பத்திரனவை விடுவித்துவிட்டார்கள். 13 கோடிக்கு வைத்திருந்தவனை. டிசம்பர் 16 அபுதாபி ஏலம். டித்வா அடித்து மூன்று கிழமைகூட ஆகவில்லை. கம்பஸ் வெள்ளத்தில் கிடந்து மூடியிருந்தது, ஊரில் சனம் இன்னும் முகாமில். இந்த நேரத்தில் ஏலம் பார்ப்பதா என்று எங்களுக்கே கூச்சம்தான், ஆனாலும் பார்த்தோம். கொல்கத்தா 18 கோடிக்கு எடுத்தது. குழுவில் அதே ஆட்கள் எழுதினார்கள்: "நம்ம பையனை விட்டுட்டாங்களேடா."

நம்ம பையன்! இந்தத் தடவை நாங்கள் போனைக் கவிழ்த்து வைக்கவில்லை. ஏப்ரலில் எழுதியதை எடுத்து, அதற்குக் கீழே ஒட்டினோம். பெயர் இல்லாமல், தேதியோடு. ஒருவர் 'டிலீட் பண்ணுங்க' என்றார். இன்னொருவர் எங்களைக் கொல்கத்தா ஏஜன்ட் என்றார். அட்மின் எங்களில் இரண்டு பேரைத் தூக்கிவிட்டார். மூன்று பேர் இன்னும் உள்ளேதான் இருக்கிறோம், இருப்போம்.

அடுத்த சீசனுக்கும் மஞ்சள்தான். ஜேர்சியைத் துவைத்து வைத்தாகிவிட்டது. போர்டிங்கில் ஒரு சட்டம் மட்டும் புதிதாகப் போட்டிருக்கிறோம்: நம்ம விக்கெட் விழும்போது யார் கைதட்டினாலும், சந்திக் கடையில் ஐந்து பேருக்கும் பிளேன்டீயும் பணிசும் அவர் கணக்கு. ஆன்ட்டிக்கும் சேர்த்து ஆறு.