108 வண்டியில் ஏறும் முதுகுவலி

இரவு இரண்டு மணி. உத்திரமேரூரை அடுத்த ஒரு கிராமத்தில் பெரியவர் ஒருவருக்கு நெஞ்சு வலி என்று வைத்துக்கொள்வோம். 108 வண்டி தெருமுனையிலேயே நின்றுவிடுகிறது. அதற்கு மேல் சந்து குறுகல். நடுவில் இரண்டு பைக், ஒரு மாட்டுக் கொட்டகை. வீட்டுக்குள் தாழ்வான கயிற்றுக் கட்டிலில் பெரியவர் படுத்திருக்கிறார்.

“அண்ணே, தல பக்கம் நீங்க புடிங்க, கால் பக்கம் நான் புடிச்சிக்கிறேன்” என்கிறார் மருத்துவ உதவியாளர். பைலட் குனிகிறார். வாசற்படி, திண்ணை, சந்து எல்லாம் தாண்டி நோயாளி வண்டியில் ஏறிவிடுகிறார். அவர் பிழைத்தால் அந்தக் குடும்பத்துக்கு நிம்மதி. தூக்கிய இருவரின் இடுப்பு பிடித்துக்கொண்டதை யாரும் கவனிப்பதில்லை.

தமிழ்நாட்டில் 108 சேவை தொடங்கியது 2008 செப்டம்பரில். வண்டிக்கு இரண்டு பேர்: ஓட்டுகிற ‘பைலட்’, பின்னால் நோயாளியைப் பார்த்துக்கொள்கிற மருத்துவ உதவியாளர். உயிரைக் காக்கிற இந்த வேலையில் உலகம் முழுக்க அதிகம் அடிபடுவது முதுகுதான். அடுத்தது தோள்பட்டை, கழுத்து, முழங்கால்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

நோயாளி 70 கிலோ, ஸ்ட்ரெச்சர் 30 கிலோ என்றால் மொத்தம் 100 கிலோ. இருவர் தூக்கினால் ஆளுக்கு 50. உடலின் எடை தலை, மார்பு, இடுப்புப் பக்கமே அதிகம் என்பதால் தலைப்பக்கம் பிடிப்பவருக்கு இன்னும் கூடும். ஒருவர் உயரமாகவும் மற்றவர் குள்ளமாகவும் இருந்தால் ஸ்ட்ரெச்சர் சாய்ந்து, சுமை ஒரு பக்கமாக இறங்கும்.

அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனமான நயோஷ், எல்லாம் சாதகமாக இருக்கும்போதுகூட ஒருவர் கையால் தூக்கத்தக்க எடை 23 கிலோ என்று கணக்கிட்டிருக்கிறது. பொருளை உடம்போடு ஒட்டிப் பிடிக்க வேண்டும், இடுப்பைத் திருப்பக் கூடாது என்பதெல்லாம் அதில் அடக்கம். குனிந்து, கையை நீட்டி, இடுப்பைத் திருப்பித் தூக்கினால் இந்த அளவு இன்னும் குறையும். கயிற்றுக் கட்டிலிலிருந்து தூக்கும்போது மூன்றுமே சேர்ந்து நடக்கின்றன.

குனிந்த நிலையில் முதுகெலும்புகளுக்கு இடையே இருக்கும் டிஸ்க்குகளின் முன்பக்கம் நசுங்கும், பின்பக்கம் பிதுங்கும். அதோடு பளுவும் சேர்ந்து, இதுவே வருடக்கணக்கில் நடந்தால் டிஸ்க் தேயும், சில சமயம் விலகி நரம்பை அழுத்தும்.

வண்டிக்குள் இன்னொரு வேலை

உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போனாலும், செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனாலும் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். வழியில் நோயாளியின் இதயம் நின்றுவிட்டால் மார்பை அழுத்தி உயிரூட்ட வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஒவ்வொரு முறையும் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குறையாமல். பத்து நிமிடத்தில் ஆயிரத்தைத் தாண்டிவிடும்.

இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும் என்பது விதி. ஆனால் பைலட் ஓட்டிக்கொண்டிருப்பதால் பின்னால் இருப்பது ஒரே ஒருவர். ஓடுகிற வண்டியில், குனிந்தபடி, வேகத்தடை வரும்போதெல்லாம் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் இதைச் செய்ய வேண்டும். பைலட்டுக்கோ மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பதும் வண்டியின் அதிர்வும். அப்படி உட்கார்ந்திருந்தவர் இறங்கியதும் பளு தூக்குவதால் முதுகு சுலபமாகப் பிடித்துக்கொள்கிறது.

என்ன செய்யலாம்?

இறங்கியதும் இடுப்பில் கை வைத்து மெதுவாகப் பின்னால் வளைந்து நிமிர பத்து நொடி போதும். தூக்கும்போது முழங்காலை மடக்கி, நோயாளியை உடம்புக்கு அருகில் வைத்துக்கொள்ள வேண்டும். திரும்ப வேண்டுமென்றால் இடுப்பைத் திருப்பாமல் காலை எடுத்து வைத்துத் திரும்ப வேண்டும். “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று ஒருவர் மட்டும் சொல்லி, எல்லாரும் ஒன்றாகத் தூக்குவது நல்லது. தூக்காமல் பெட்ஷீட்டோடு இழுத்து மாற்ற முடிந்தால் அது இன்னும் நல்லது.

வலி வந்தால் படுத்தே கிடக்க வேண்டாம். முடிந்த அளவு நடமாடினால் பெரும்பாலான இடுப்பு வலி சில வாரங்களில் குறையும். தினமும் வலி மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போவது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். வலி காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ டாக்டரைப் பார்க்க வேண்டும். கால் பலமிழந்தாலோ, சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

ஆனால், சரியாகக் குனியப் பழகினால் மட்டும் போதாது. பயிற்சியால் 50 கிலோ 23 ஆகிவிடாது. பேட்டரியில் தானே ஏறி இறங்கும் ஸ்ட்ரெச்சர்கள் கனடாவின் நயாகரா பகுதி ஆம்புலன்ஸ்களுக்கு வந்த பிறகு ஊழியர்களின் தசை, மூட்டுக் காயங்கள் வெகுவாகக் குறைந்தன. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2010-ம் ஆண்டு தொழில்நோய்ப் பட்டியலில் தசை, எலும்பு நோய்களுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. ‘வயசானா வர்ற வலிதானே’ என்று ஒதுக்காமல், வேலையால் வந்த வலி என்று பதிவு செய்தால்தான் நல்ல கருவிகளும் ஓய்வும் கேட்டுப் பெற முடியும்.

நம் பங்கு

108-க்குப் போன் செய்யும்போதே நோயாளி மாடியில் இருக்கிறாரா, உடல் கனமானவரா, வண்டி வாசல் வரை வருமா என்று சொல்லிவிடுங்கள். ஒருவர் தெருமுனையில் டார்ச்சோடு நிற்கட்டும். அதற்குள் பைக்கை நகர்த்தி, விளக்கைப் போட்டு, கட்டிலைச் சுற்றி இடம் ஒதுக்கி வையுங்கள். பலமான இரண்டு பேர் தயாராக இருக்கட்டும். ஆனால் ஆளாளுக்கு இழுக்காமல், வந்தவர்கள் சொல்கிற இடத்தில் பிடித்து, சொல்லும்போது மட்டும் தூக்குங்கள்.

நான்கு பேர் பிடித்தால் அதே 100 கிலோ ஆளுக்கு 25 ஆகிவிடும். அடுத்த அழைப்புக்கும் அதே முதுகுதான் குனிந்து தூக்கப் போகிறது.