பிடித்துவிடும் கைகளை இகழாதீர்!

மசாஜ் தொழில் என்றதும் ஏளனமாகச் சிரிப்போர் பலர். கள்ள வியாபாரம் நடத்துபவன் விடுதி முதலாளி. பழியோ உழைப்பவர் தலையில்!

தென் கொரியாவைப் பாருங்கள். அங்கே இத்தொழிலுக்கு லைசென்ஸ், உடற்கூறு கற்றுத் தேர்ந்த பார்வையற்றோருக்கு மட்டுமே உண்டு. 2006 மே மாதம், ‘தொழில் சுதந்திரம்’ பேசி, அரசியல் சட்டக் கோர்ட்டு அது செல்லாது என்றது. பார்வையற்ற தொழிலாளர்கள் சியோல் நகரில் ஹான் நதிப் பாலத்தில் திரண்டனர்; சிலர் நதியிலே குதித்தனர். அதே ஆண்டில் நாடாளுமன்றம் அவ்வுரிமையைச் சட்டமாக்கியது. 2008-ல் கோர்ட்டும் ஒப்புக்கொண்டது.

தறியிலும் வயலிலும் இடுப்பொடியும் நாம் அக்கைகளின் அருமை அறிவோம். இங்கும் இத்தொழிலாளருக்குப் பயிற்சி, லைசென்ஸ், நியாயக் கூலி வேண்டும். கௌரவம் பிச்சையாகக் கிடைக்காது. ஒன்றுபட்டுப் போராடியே பெற வேண்டும்!