முதல் மணி நேரம் யாருக்கு?

டிசம்பர் பிறந்ததும் நம் சபைகளில் ஒரு புலம்பல் தொடங்கிவிடும். கேக் இருக்கிறது, புத்தாடை இருக்கிறது, தள்ளுபடி விற்பனை இருக்கிறது. கிறிஸ்து எங்கே என்று பிரசங்க மேடையிலிருந்து கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதைக் கேட்கும்போது நம் விரல் எப்போதும் கடைவீதியை நோக்கியே நீள்கிறது. கொல்கத்தாவில் குடியிருக்கத் தொடங்கிய பிறகு, அந்த விரல் நம் வீட்டையும் நம் ஆலயத்தையும் நோக்கித் திரும்ப வேண்டும் என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது.

கடைவீதியைக் குறை சொல்ல வேண்டுமென்றால் இதைவிடத் தோதான ஊர் கிடைக்காது. கிறிஸ்துமஸை இங்கே எல்லாரும் ‘பொரோதின்’ என்பார்கள். அந்த வாரம் முழுக்கப் பார்க் ஸ்ட்ரீட்டின் தலைக்கு மேல் விளக்குப் பந்தல். 2011 முதல் மாநில அரசே அங்குள்ள ஆலன் பார்க்கில் கிறிஸ்துமஸ் விழா நடத்துகிறது. 25-ஆம் தேதி மாலை வண்டிகளை நிறுத்தி, தெருவை நடப்பவர்களிடம் ஒப்படைத்துவிடுவார்கள். தோளில் பிள்ளையைச் சுமந்த அப்பாக்கள், கல்லூரிப் பெண்கள், பக்கத்து மாவட்டங்களிலிருந்து லோக்கல் ரயில் பிடித்து வந்த குடும்பங்கள் என்று கால் வைக்க இடமிருக்காது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மேற்கு வங்கத்தில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆக, அந்தக் கூட்டத்தில் மிகப் பெரும்பாலோர் கொண்டாடுவது தங்கள் ஊரின் பண்டிகையை.

கேக்கின் கதையும் அப்படித்தான். நியூ மார்க்கெட்டுக்குள் இருக்கும் நஹூம் பேக்கரி 1902-ல் பாக்தாத் வழிவந்த யூதர் ஒருவர் தொடங்கியது. டிசம்பரில் அதன் பிளம் கேக்குக்காக நிற்கும் வரிசை கடையைத் தாண்டி நீளும். தால்தலாப் பக்கத்துச் சந்துகளில் முஸ்லிம்கள் நடத்தும் பழைய பேக்கரிகள் உண்டு. மைதா, வெண்ணெய், முட்டை, ஊறவைத்த உலர்பழம் எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே கொண்டுபோய்க் கொடுத்து, பக்கத்தில் நின்று பிசையவைத்து, அடுப்பில் வேகவைத்து வாங்கி வருவது அங்கே பல குடும்பங்களின் வழக்கம். ஆங்கிலோ இந்தியர்கள் வாழும் போ பேரக்ஸ் அருகே பரூவா என்ற வங்க பௌத்தக் குடும்பத்தின் பேக்கரி. இத்தனை மதத்தார் கைபட்டு ஒரு கிறிஸ்தவ வீட்டு மேசைக்கு வந்து சேரும் கேக்கை, ஆண்டவருடைய பிறப்புக்குப் போட்டி என்று என்னால் நினைக்க முடியவில்லை. ஒரு நகரம் நம்மோடு சேர்ந்து மகிழ்வதால் நம் விசுவாசம் எதையும் இழப்பதில்லை.

அந்தக் கூட்டத்திடம் போய், ‘பண்டிகையின் மையத்தை மறந்துவிட்டீர்கள்’ என்று சொல்ல நமக்கு உரிமையும் இல்லை. அந்த மையத்தைக் காக்கிறோம் என்று அவர்கள் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. ஞானஸ்நானத்திலும் திடப்படுத்தலிலும் வாக்குக் கொடுத்தவர்கள் நாம். கொடுத்த வாக்கை டிசம்பரில் எப்படிக் காப்பாற்றுகிறோம் என்பதுதான் பேச வேண்டிய விஷயம்.

அதைப் பேசும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருபவை இந்த வங்க மண்ணில், திருச்சபைக்கு வெளியே இருக்கும் இரண்டு இடங்கள்.

முதல் இடம், ராமகிருஷ்ணரின் சீடர்கள் அமைத்த பேலூர் மடம். 1886 ஆகஸ்டில் ராமகிருஷ்ணர் மறைந்தார். அந்த டிசம்பரில், பின்னாளில் விவேகானந்தர் ஆன நரேந்திரநாத்தும் உடன் சீடர்களும் ஹூக்ளி மாவட்டத்து ஆந்த்பூர் கிராமத்தில் சீடர் பாபுராமின் வீட்டுக்குப் போயிருந்தார்கள். ஓர் இரவு வெட்டவெளியில் துனி என்ற புனித நெருப்பை மூட்டி, அதைச் சுற்றி அமர்ந்து நெடுநேரம் தியானித்தார்கள். பிறகு நரேந்திரர் இயேசுவின் கதையைச் சொல்லத் தொடங்கினார். பிறப்பிலிருந்து சிலுவையும் உயிர்த்தெழுதலும் வரை சொல்லி, தலைசாய்க்க இடமில்லாமல் பிறருக்காகவே வாழ்ந்த அந்த வாழ்க்கையைப் போல நம் வாழ்க்கையும் ஆக வேண்டும் என்றார். அந்த நெருப்பின் முன்னால் அந்த இளைஞர்கள் துறவுக்கு உறுதி எடுத்தார்கள். அது கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு என்பது அவர்களுக்குப் பிறகுதான் உறைத்தது.

அந்த நினைவில் இன்றும் டிசம்பர் 24 மாலை, ஆரத்தி முடிந்ததும், பேலூர் மடத்தில் இயேசுவின் படத்தை அலங்கரித்து வைக்கிறார்கள். மெழுகுவத்தி, பூக்கள், கேக், பழங்கள். நற்செய்தி நூலிலிருந்து பிறப்பின் பகுதியை வாசிக்கிறார்கள், கேரல் பாடுகிறார்கள். நம் மயிலாப்பூர் ராமகிருஷ்ண மடத்திலும் இந்த வழக்கம் உண்டு. பரிவிராஜகராக நாடு முழுதும் நடந்த விவேகானந்தர் கையில் வைத்திருந்த நூல்கள் இரண்டு: ஒன்று பகவத் கீதை, மற்றொன்று கிறிஸ்துவைப் பின்பற்றுவது பற்றித் தாமஸ் அ கெம்பிஸ் என்ற துறவி எழுதிய நூல்.

இரண்டாவது இடம் சாந்திநிகேதன். ரவீந்திரநாத் தாகூர் 1910-ல் அங்கே கிறிஸ்துவுக்கென்று ஒரு வழிபாட்டு நாளைத் தொடங்கிவைத்தார். ‘கிறிஸ்தோத்ஸவ்’ என்ற அந்த நாளை இன்றும் டிசம்பர் 25 மாலை, கண்ணாடிச் சுவர்கள் கொண்ட வழிபாட்டு மண்டபத்தில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் நடத்துகிறார்கள். பாட்டு, வாசிப்பு, ஓர் உரை, அவ்வளவுதான். இரண்டாம் உலகப் போர் மூண்ட 1939-ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸுக்குத் தாகூர் ஒரு பாடல் எழுதினார். அன்று இயேசுவைக் கொன்றவர்களே இன்று புது வேடத்தில் பிறந்து வந்து, ஆலயத்தில் நின்று ஜெபித்துக்கொண்டே கொலைக்கு ஆள் சேர்க்கிறார்கள் என்ற வேதனை அதில் இருக்கிறது. கிறிஸ்தவர் அல்லாத ஒரு கவிஞர் கிறிஸ்தவ நாடுகளைப் பார்த்து, ‘உங்கள் பண்டிகையின் நடுவில் இருப்பவரை நீங்கள் உண்மையில் பார்க்கிறீர்களா’ என்று கேட்ட கேள்வி அது. இதைவிடக் கூர்மையான கிறிஸ்துமஸ் பிரசங்கத்தை நான் அறியேன்.

பேலூரிலும் சாந்திநிகேதனிலும் இயேசுவை நாம் அறிக்கையிடுவதுபோல் அறிக்கையிடுவதில்லை. அந்த வேறுபாட்டை மூடி மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஒன்றை அங்கே தெளிவாகப் பார்க்க முடிகிறது. அவர்கள் அவருக்கென்று ஒரு நேரத்தைக் குறித்துவைத்திருக்கிறார்கள். ஆண்டு தவறாமல், அதே மாலையில், அந்த நேரத்துக்குள் வேறெதையும் நுழையவிடாமல் காக்கிறார்கள். பரிசு வழங்கல் இல்லை, பொன்னாடை இல்லை, அறிவிப்புகள் இல்லை. நூறு ஆண்டுகளுக்கு மேலாக அது நிலைப்பது அதனால்தான்.

நம்முடைய டிசம்பரைப் பார்ப்போம். நான் திருநெல்வேலிச் சீமையில் தென்னிந்தியத் திருச்சபையில் வளர்ந்தவள். அங்கேயும் இங்கேயும் நான் கண்ட சபைகளில் மாதம் முழுக்க வேலை நிறைந்திருக்கிறது: கேரல் போட்டி, வாலிபர் நாடகம், ஞாயிறு பள்ளி ஆண்டு விழா, ஐக்கிய விருந்தின் பிரியாணிக் கணக்கு. கேரல் ரவுண்ட்ஸ் போகும் குழு ஒரு வீட்டில் பாடி முடிப்பதற்குள் அடுத்த வீட்டிலிருந்து போன் வந்துவிடுகிறது. ஒவ்வொன்றும் நல்ல காரியம். ஆனால் திருவருகைக் காலம் என்று திருச்சபை நான்கு ஞாயிறுகளைக் கொடுத்திருப்பது காத்திருக்கக் கற்பதற்காக. நாமோ அதை ஒத்திகைக் காலமாக ஆக்கிக்கொண்டோம். பண்டிகை வந்து சேரும்போது பாடகர் குழுவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, குருவானவருக்குத் தூக்கமில்லை.

வீட்டுப் பெண்களின் நிலைமை இன்னும் மோசம். முறுக்கு, அதிரசம், கல்கல், அச்சு முறுக்கு, அக்கம்பக்கத்துக்குத் தட்டு, விருந்தாளிகளுக்குச் சாப்பாடு என்று 24-ஆம் தேதி இரவு பன்னிரண்டு வரை அடுப்படியில் நிற்பவள், அதிகாலை ஆராதனையில் கண் சொக்கிப்போய் உட்கார்ந்திருக்கிறாள். மேய்ப்பர்களுக்கு வந்த நற்செய்தி அவள் காதில் விழுவதே இல்லை. கிறிஸ்துவை மையத்தில் வைப்போம் என்று மேடையில் பேசுகிற ஆண்கள் முதலில் செய்யக்கூடியது, பலகாரத்தில் இரண்டு வகையைக் குறைத்துக்கொள்வதும், மீதிக்கு மாவு பிசையவும் பாத்திரம் கழுவவும் கை கொடுப்பதும்தான். ஒரு வீட்டில் விசுவாசம் நடுவில் இருக்கிறதா என்பதை, அந்த வீட்டு அம்மா ஜெபத்துக்கு உட்கார முடிகிறதா என்பதை வைத்தே சொல்லிவிடலாம்.

என் அம்மா இதில் கண்டிப்பானவர். “ஏ பிள்ளைகளா, கோயிலுக்குப் போயிட்டு வந்துதான் பலகாரத்துல கை வைக்கணும்” என்பார். 24 சாயங்காலம் விளக்கு வைத்ததும் அடுப்பை அணைத்துவிடுவார். முடியாமல் நிற்கும் பலகாரம் அப்படியே நிற்கும். எல்லாரும் பாயில் உட்கார்ந்து லூக்கா இரண்டாம் அதிகாரத்தை ஆளுக்குச் சில வசனமாக வாசித்து, கீர்த்தனை பாடி, ஜெபித்து முடித்த பிறகே அடுத்த வேலை. முதல் மணி நேரம் ஆண்டவருக்கு, மற்றதெல்லாம் மிச்ச நேரத்தில். அந்த ஒழுங்கைத்தான் நான் இந்த ஊரிலும் பிடித்துக்கொண்டிருக்கிறேன். விசுவாசம் மனதில் இருந்தால் போதும் என்பார்கள். மனதில் இருப்பது கடிகாரத்திலும் இடம்பிடிக்க வேண்டும்; இல்லாவிட்டால் டிசம்பர் நெரிசலில் அது அடிபட்டுப்போகும்.

நேரத்துக்கு அடுத்தபடி, ஆள். பெத்லகேமில் சத்திரம் நிறைந்திருந்ததால் முன்னணையில் கிடத்தப்பட்ட குழந்தையை வணங்கும் நாம், இன்று இடமில்லாமல் வெளியே நிற்பவர்களைப் பார்க்காமல் அந்த வணக்கத்தை முடிக்க முடியாது. கொல்கத்தாவுக்கு இதைச் செய்து காட்டியவர் அன்னை தெரசா. 1950-ல் அன்பின் பணியாளர் சபையைத் தொடங்கி, 1952-ல் காளிகட்டில், காளி கோயிலை ஒட்டி மாநகராட்சி கொடுத்த கட்டடத்தில், தெருவில் சாகக் கிடந்தவர்களுக்காக நிர்மல் ஹிருதயைத் திறந்தார். 1979 டிசம்பர் 10 அன்று ஆஸ்லோவில் நோபல் அமைதிப் பரிசு வாங்கப் போனபோது, வழக்கமான விருந்தை ரத்து செய்து அந்தப் பணத்தை ஏழைகளுக்குத் தரும்படி கேட்டுக்கொண்டார், விருந்து ரத்தானது. திருவருகைக் காலத்தில் ஒரு விருந்தை அர்த்தமுள்ளதாக்க இதைவிடச் சிறந்த வழி இல்லை.

பார்க் ஸ்ட்ரீட்டின் அதிகாரப்பூர்வமான பெயர் இப்போது அன்னை தெரசா சரணி. அவர் அடக்கம் செய்யப்பட்டிருக்கும் அன்னை இல்லம் அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில், ஆச்சார்ய ஜகதீஷ் சந்திர போஸ் சாலையில் இருக்கிறது. அந்த விளக்குப் பந்தலின் கீழே, கூட்டத்துக்கு நடுவே சிவப்புத் தொப்பி விற்பவர்களில் பலர் பத்து வயது தாண்டாத பிள்ளைகள். இரவு அவர்கள் படுப்பது நடைபாதையில். தொப்பி வாங்கிப் போட்டுக்கொண்டு படமெடுக்கும் கிறிஸ்தவன், விற்ற பிள்ளை சாப்பிட்டதா என்று கேட்கவும் கடமைப்பட்டவன். அந்தக் கடமையிலிருந்து கூட்டம் அவனை விடுவிக்காது.

வெளியே நிற்பவர்கள் எல்லாரும் தெருவில் இல்லை. முதல் உலகப் போர்க்காலத்தில் படைவீரர்களுக்கென்று எழுந்த செங்கல் குடியிருப்பான போ பேரக்ஸிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் இங்கிலாந்துக்கும் போய்விட்ட ஆங்கிலோ இந்தியர்கள் ஏராளம். கிறிஸ்துமஸுக்குச் சிலர் திரும்பி வருகிறார்கள். வராதவர்களின் பெற்றோர் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். நம் நாசரேத்திலும் பாளையங்கோட்டையிலும் மார்த்தாண்டத்திலும் இதே காட்சிதான். பிள்ளைகள் வளைகுடாவிலும் அமெரிக்காவிலும். வீட்டில் நட்சத்திரம் கட்டிவிட ஆள் இல்லை. அப்படி ஒரு வீட்டில் போய் உட்கார்ந்து, அவர்களோடு சேர்ந்து ஒரு பாட்டுப் பாடி, அவர்கள் பேசுவதைக் கேட்பதும் ஆராதனையின் பகுதிதான்.

25-க்குள் இதெல்லாம் முடியாதே என்று மலைக்க வேண்டாம். பண்டிகை அன்று முடிவதில்லை. திருச்சபை நாள்காட்டியில் அன்றுதான் தொடங்குகிறது. பாரா பஜார் அருகே 1724-ல் கட்டிய ஆர்மேனியர்களின் நசரேத் ஆலயம் இருக்கிறது. சென்னைப் பாரிமுனையில் தங்கள் பேரில் ஒரு தெருவையே விட்டுச்சென்ற அதே சமூகம். கிறிஸ்துவின் பிறப்பையும் திருமுழுக்கையும் அவர்கள் சேர்த்துக் கொண்டாடுவது ஜனவரி 6-ல். அதற்குள் புத்தாண்டும் போய், கடைகள் அடுத்த விற்பனைக்குத் தயாராகிவிட்டிருக்கும். எண்ணிக்கையில் மிகக் குறைந்துபோன அந்தச் சமூகம் யாரையும் எதிர்பார்க்காமல் தன் நாளைக் காத்துவருகிறது. நமக்கும் 25-லிருந்து 6 வரை நாள்கள் இருக்கின்றன.

ஆகவே இந்த ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் குடும்பமாக உட்கார்ந்து மூன்றே முடிவுகளை எடுங்கள். 24 மாலை எந்த மணிக்கு அடுப்பையும் தொலைக்காட்சியையும் கைபேசியையும் நிறுத்திவிட்டு வேதம் வாசிக்க உட்காருவது? அதற்காக எந்த இரண்டு வேலைகளைக் கைவிடுவது? ஜனவரி 6-க்குள் யாருடைய வீட்டுக்குப் போவது, யாரை நம் மேசைக்கு அழைப்பது? பிள்ளைகளையும் கேளுங்கள், மூன்றாவது கேள்விக்குப் பதில் பெரும்பாலும் அவர்களிடமிருந்துதான் வரும். முடிவானதை ஒரு தாளில் எழுதி எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டிவையுங்கள். கேக் ஆர்டரை அதற்குப் பிறகு கொடுத்துக்கொள்ளலாம்.