மந்தையைப் பிரிந்தவரின் மடல்கள்

அந்தியோக்கியாவின் ஆயர் இஞ்ஞாசியாரின் ஏழு மடல்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரே வழக்குதான் நடக்கிறது. ஆயருக்குக் கீழ்ப்படியுங்கள், அவரின்றி எதையும் செய்யாதீர்கள் என்று ஓயாமல் வலியுறுத்தும் இவை திருச்சபை ஒழுங்கின் அடிக்கல் என்பர் ஒரு சாரார். சமய அதிகாரத்தின் முதல் விலங்கு என்பர் மறுசாரார். இரு சாராருமே இவற்றைச் சட்ட நூலாக வாசிக்கிறார்கள். இவை கடிதங்கள் என்பது மறந்துபோகிறது.

இரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில், மரண தண்டனைக்காகப் பத்துப் படைவீரர்களின் காவலில் ரோமுக்குக் கொண்டுசெல்லப்பட்ட வழியில் அவர் எழுதியவை இவை. ஸ்மிர்னாவில் தங்கியபோது எபேசு, மக்னேசியா, திரால்லெஸ், ரோம் ஆகிய சபைகளுக்கு நான்கு. துரோவா துறைமுகத்திலிருந்து பிலதெல்பியா, ஸ்மிர்னா சபைகளுக்கும் ஸ்மிர்னாவின் ஆயர் பொலிக்கார்ப்புக்குமாக மூன்று.

மக்னேசியாவின் ஆயர் தாமாஸ் இளைஞர். அந்த இளமையைக் காரணம் காட்டி அவரை மதியாதிருக்கலாகாது என்கிறார். விதவைகளைக் கைவிடலாகாது, அடிமைகளை இழிவாக நடத்தலாகாது என்று பொலிக்கார்ப்புக்கு நினைவூட்டுகிறார். ரோம் மடலில் மட்டும், உங்கள் ஆயருக்குக் கீழ்ப்படியுங்கள் என்ற அறிவுரை இல்லை. தன்னைக் காப்பாற்ற முயலவேண்டாம் என்ற மன்றாட்டே அதன் சாரம். பேதுருவும் பவுலும் போலத் தான் கட்டளையிடவில்லை, அவர்கள் திருத்தூதர்கள், தானோ தண்டனை பெற்றவன் என்கிறார். சிரியாவில் தான் விட்டுவந்த சபைக்கு இப்போது கடவுளே மேய்ப்பர் என்று சொல்லி, அதற்காக வேண்டிக்கொள்ளக் கேட்கிறார்.

ஏனைய மடல்களுக்கும் இந்த இடமே திறவுகோல் என்பது என் எண்ணம். ஆயரை விட்டு விலகாதீர்கள் என்று ஊர் ஊராக எழுதியவரின் சொந்த மந்தை அப்போது ஆயரின்றி நின்றது. அந்தியோக்கியாவில் அமைதி திரும்பிய செய்தி கிடைத்த பின், அங்கே தூதர்களை அனுப்பும்படி துரோவா மடல்கள் மூன்றிலும் கேட்கிறார். கட்டளையாக நமக்குக் கேட்பதன் அடியில் இருப்பது ஒரு தகப்பனின் பரிதவிப்பு.

விலங்குகளுக்கு இரையாகத் துடிக்கும் அவருடைய வேட்கை எனக்கு இன்றும் உவப்பானதன்று. ஆனால் அதற்காகவோ, அவர் வலியுறுத்திய ஆயர் பதவி பிற்காலத்தில் கொண்ட உருவத்துக்காகவோ இம்மடல்களை ஒதுக்கிவிடுவது நியாயமில்லை. அவர் பெயரின் வலிமையை நாடிய பிற்காலத்தார் இவற்றை நீட்டினர். போலி மடல்களையும் சேர்த்தனர். 17ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் அஷரும் ஐசக் வோசியஸும் அந்தக் கலப்பைப் பிரித்துக் காட்டிய பிறகே கைதியின் குரல் துலங்கியது. சட்டமாக மட்டும் வாசித்தால் அக்குரலை நாம் மீண்டும் இழந்துவிடுவோம்.